பூ விலை, தண்டல் வட்டி, கிரானைட்: பொருளியலில் அறம் பற்றிச் சில கேள்விகள்

முகூர்த்த நாளில் மல்லிகை விலையை ஏற்றினால் ‘அநியாயம்’ என்கிறார்கள். நியாய விலை என்று பழைய அறிஞர்கள் எதைச் சொன்னார்கள்?
- பூ வியாபாரி, உசிலம்பட்டி

13ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியல் அறிஞர் தாமஸ் அக்வினாஸ் இதை இரண்டாகப் பிரித்தார். பொருளைக் கொடுப்பதால் விற்பவருக்கு நட்டம் வருமானால் அதை விலையில் சேர்க்கலாம். வாங்குபவருடைய அவசரத்துக்கு மட்டும் தனியாகக் காசு வாங்கக் கூடாது, ஏனென்றால் அந்த அவசரம் விற்பவருடைய சரக்கு அல்ல. மார்கழிப் பனியில் மொட்டு குறைந்து, பறிகூலி கிலோவுக்குக் கூடும்போது ஏறும் விலை முதல் வகை. ஒரே காலையில் வாடிக்கைக்காரருக்கு ஒரு விலை, மண்டபத்திலிருந்து ஓடிவரும் பெண் வீட்டாருக்கு இன்னொரு விலை என்றால் அது இரண்டாவது வகை.

‘அடக்கவிலையும் சிறு லாபமும்தான் நியாய விலை’ என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் சலமாங்கா பல்கலைக்கழக அறிஞர்கள், திறந்த சந்தையில் பொதுவாக மதிக்கப்படும் விலையே நியாய விலை என்றார்கள். பதுக்கலும் கூட்டுச்சதியும் ஏமாற்றும் அதில் இருக்கக் கூடாது. ஆகவே முகூர்த்தத்தன்று மாட்டுத்தாவணிப் பூச்சந்தை முழுக்க விலை ஏறுவதில் குற்றமில்லை. நாலு பேர் முந்தின இரவே பேசிவைத்து ஏற்றியிருந்தால் அது குற்றம்.

நிலக்கோட்டையிலிருந்து லோடு வருகிறது, பத்து மணிக்கு விலை இறங்கும் என்று போனில் தெரிந்துவிட்டது. சொல்லாமல் ஆறு மணிக்கு விற்கலாமா?
- அதே வாசகர்

இது இரண்டாயிரம் ஆண்டுப் பழைய வழக்கு. பஞ்சம் பிடித்த ரோட்ஸ் தீவுக்குத் தானியம் கொண்டுவரும் வணிகர், பின்னால் வேறு கப்பல்கள் வருவதைச் சொல்ல வேண்டுமா என்று ரோமானிய அறிஞர் சிசரோ கேட்கிறார். சரக்கின் குறையை, அதுவும் சட்டம் கேட்கும் அளவுக்குச் சொன்னால் போதும் என்பது தத்துவ அறிஞர் பாபிலோனின் டயோஜெனிஸ் கட்சி. வாங்குபவருக்குப் பயன்படும் எதையும் மறைக்கக் கூடாது என்பது அவருடைய மாணவர் ஆன்டிபாட்டர் கட்சி. சிசரோ ஆன்டிபாட்டர் பக்கம் சாய்ந்தார். நீதிப்படி சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் அது மேலான குணம் என்றார் அக்வினாஸ். என் தீர்ப்பு: மொத்தமாக எடுக்கும் சக வியாபாரிக்குச் சொல்ல வேண்டியதில்லை, விசாரிக்க அவருக்கும் போன் இருக்கிறது. நேற்றைய வாடிய பூவை இன்றைய பறிப்பு என்று சொல்வது மட்டும் எந்தக் கட்சியிலும் ஏற்பில்லை.

தண்டலில் 10,000 ரூபாய்க்கு 1,500 பிடித்துக்கொண்டு, தினம் 100 வீதம் 100 நாள் கட்டச் சொல்கிறார்கள். இது 15 சதவீத வட்டிதானே?
- இட்லிக்கடை நடத்துபவர், மதுரை

இல்லை. கைக்கு வந்தது 8,500. தினமும் கட்டிக்கொண்டே வருவதால் உங்களிடம் சராசரியாக நிற்கும் கடன் அதில் பாதி, 4,250. அதற்கு 100 நாளில் 1,500 என்றால் 35.3 சதவீதம். ஆண்டுக்கு மாற்ற 3.65 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 129. நாள்வாரியாகத் துல்லியமாகப் போட்டால் 120ஐ ஒட்டி நிற்கும். பிடித்தத்தையும் தினத் தவணையையும் கணக்கில் சேர்க்காமல் விடுவதால்தான் 15 என்று தோன்றுகிறது.

தடையற்ற சந்தையின் தந்தை என்று பேர் வாங்கிய ஆடம் ஸ்மித்தே வட்டிக்கு உச்சவரம்பு வேண்டும் என்றார். அன்றைய பிரிட்டனில் அது 5 சதவீதம். 8, 10 என்று உயர்த்தினால் ஊதாரிகளும் சூதாட்டத் திட்டக்காரர்களும்தான் கடன் வாங்குவார்கள், நிதானமாகத் தொழில் செய்பவருக்குப் பணம் கிடைக்காது என்பது அவர் வாதம். 1787இல் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தாம் மறுத்தார்: வயது வந்தவர் தெரிந்தே செய்யும் ஒப்பந்தத்தில் அரசுக்கு வேலையில்லை. 1854இல் இங்கிலாந்து வரம்பை நீக்கியது. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலையும் சேர்த்தே தடுக்கிறது. ‘தெரிந்தே’ என்ற சொல்லில்தான் பெந்தாமின் வாதம் தொங்குகிறது. மேலே போட்ட கணக்கைக் கடன் கொடுப்பவர் யாரும் சொல்லித் தருவதில்லை.

ஸ்மித் சுயநலத்தைப் போற்றியவர் என்று படித்தேன். சரியா?
- கல்லூரி மாணவி, திருமங்கலம்

பாதிகூட இல்லை. அவர் கிளாஸ்கோவில் அறவியல் பேராசிரியர். 1776இல் வந்த ‘நாடுகளின் செல்வம்’ என்ற பொருளியல் நூலுக்கு 17 ஆண்டு முன்பே, 1759இல், அற உணர்வுகளைப் பற்றி எழுதினார். மனிதன் எவ்வளவு சுயநலக்காரனானாலும் பிறர் நலத்தில் அக்கறை அவன் இயல்பிலேயே உண்டு என்றுதான் அது தொடங்குகிறது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். அறத்தைப் பொருளியலுக்கு வெளியே நிறுத்தும் எல்லைக்கோட்டை அழுத்தமாகப் போட்டவர் பிரிட்டிஷ் பொருளியலாளர் லயனல் ராபின்ஸ், 1932இல்.

கல்லுப்பட்டி ஆசிரமத்தில் வாழ்ந்த குமரப்பாவின் கருத்து இன்று எதற்கு உதவும்?
- ஆசிரியர், மேலூர்

காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி படித்தவர், கணக்காயர். சிறையில் எழுதி, 1945இல் காந்தி முன்னுரை தந்த நூலில் பொருளாதாரத்தை ஐந்து படியாக அடுக்கினார்: கொன்று தின்னும் புலி, எதுவும் செய்யாமல் பறித்துத் தின்னும் குரங்கு, உழுது விளைவிக்கும் உழவர், கூட்டுக்காக உழைக்கும் தேனீ, குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை. இதைவிட உங்கள் ஊருக்கு நெருக்கமானது தேக்கத்தையும் ஓட்டத்தையும் அவர் பிரித்த விதம். எடுக்க எடுக்கக் குறைவது தேக்கம், திரும்ப ஊறுவது ஓட்டம். தேக்கத்துக்காகச் சண்டை வரும் என்றார். வகுப்பில் மாணவர்களைப் பட்டியல் போடச் சொல்லுங்கள்: கிரானைட் எதில், கண்மாய்த் தண்ணீர் எதில், கண்மாய் மண் எதில் என்று. மூன்றாவதில் கட்டாயம் விவாதம் வரும். வண்டல் ஆண்டுதோறும் படியும், அடியில் இருக்கும் கெட்டி மண் படியாது.