பூம்பாறையில் சிமெண்ட் வீடுகள்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

கொடைக்கானல் போனபோது பூம்பாறையையும் பார்த்தோம். மேலே சாலையில் நின்று பார்க்கையில் ஊர் அவ்வளவு அழகு. கீழே இறங்கி நடந்தால் ஓட்டு வீடுகளுக்கு நடுவே சிமெண்ட் மாடிகள், வாடகை அறைப் பலகைகள். ஏமாற்றமாகிவிட்டது. இந்த ஊரைப் பழையபடியே காப்பாற்ற அரசு ஏதாவது செய்யக்கூடாதா?

க., திருப்பூர்

அன்புள்ள க.,

திருப்பூரில் நீங்கள் ஓட்டு வீட்டிலா இருக்கிறீர்கள்? கோபித்துக்கொள்ளாதீர்கள், பூம்பாறைக்காரர் யாரும் முதலில் இதைத்தான் கேட்பார்.

உருளை, கேரட், பீன்ஸ் எல்லாம் விளைந்தாலும் பூம்பாறை இருக்கும் கொடைக்கானல் மேல்மலையில் பேர் வாங்கியது பூண்டுதான். சுமார் 1,900 மீட்டர் உயரத்தில், சரிவை வெட்டிப் படிப்படியாக வயலாக்கி வருடத்துக்கு இரண்டு போகம் போடுகிறார்கள். தோண்டிய பூண்டை அந்த ஈரக்காற்றில் சும்மா போட்டு வைக்க முடியாது, தாளோடு கட்டிப் பரணில் தொங்கவிட்டுப் புகை காட்டினால்தான் மாதக்கணக்கில் தாங்கும், அடுத்த விதைப்புக்கும் அதிலிருந்தே எடுக்கலாம். நீங்கள் ரசித்த பழைய வீட்டில் குடும்பமும் பூண்டும் ஒரே கூரையின் கீழ்தான். அந்தப் புகையைக் காலமெல்லாம் விழுங்கியவர்கள் வீட்டுப் பெண்கள். அவர்களிடம் போய் கேஸ் அடுப்பும் சிமெண்ட் வீடும் வேண்டாம், எங்கள் கண்ணுக்கு நன்றாக இல்லை என்று யார் சொல்வது?

2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். ஆனாலும் மூட்டை போய் இறங்குவது பெரியகுளம் பக்கம் வடுகபட்டிச் சந்தையில், விலையும் அங்கேதான். வடக்கே இருந்து லாரி லாரியாகப் பூண்டு வந்தால் இங்கே விலை படுத்துவிடும். அப்படிப்பட்ட வருடத்தில் ஓர் அறையை வாடகைக்கு விட்டுச் சமாளிப்பதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

ஒன்றில் மட்டும் உங்கள் பக்கம் நிற்கிறேன். வெளியூர்ப் பணம் வந்து படிவயலை இடித்து விடுதி கட்டினால், மழைக்கு மண் சரிவது கீழ் வயல்காரர் தலையில்தான். அரசு கறாராக இருக்க வேண்டிய இடம் அது. கூடவே பூண்டை வைத்திருந்து விற்க ஊருக்குள்ளேயே நல்ல கிடங்கும் வேண்டும்.

அடுத்த முறை ஊர் முருகன் கோயிலான குழந்தை வேலப்பர் கோயில் தேருக்குப் போங்கள். தெரு முழுக்க ஏற்ற இறக்கம் என்பதால் முன்னும் பின்னும் வடம் கட்டி இழுப்பார்கள், பார்க்க வேண்டிய காட்சி. அப்புறம், பூண்டு வாங்கினால் பேரம் பேசாதீர்கள்.