நகையைக் கழட்டிட்டேன், ஆனாலும் சமாதானம் இல்லை

கேள்வி: அக்கா, நான் தூத்துக்குடி பக்கம். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்துல பொறந்தவ, கல்யாணத்துக்கு அப்புறம் 9 வருஷமா வீட்டுக்காரர் போற சபைக்குத்தான் போறேன். எங்க சபையில நகை போடக்கூடாது, அதனால எல்லாத்தையும் கழட்டிட்டேன். தசமபாகம் (வருமானத்துல பத்துல ஒரு பங்கு காணிக்கை), வெள்ளிக்கிழமை உபவாசம் எதையும் விட்டதில்ல. ஆனா 6 வயசு மகளுக்கு வீசிங் சரியாகவே மாட்டேங்குது. பாஸ்டர்கிட்ட ஜெபிக்கச் சொன்னா "எங்கயோ கீழ்ப்படியாமை இருக்கு, அது போனாத்தான் சுகம் வரும், இன்ஹேலரை நம்பாம கர்த்தரை நம்புங்க"ங்கிறார். என் அண்ணன் அப்படியே எதிரா சொல்றான், "இயேசு சிலுவையில எல்லாத்தையும் முடிச்சிட்டார், விசுவாசிச்சா போதும், நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்"னு. எனக்கு விசுவாசம் இருக்கா இல்லையான்னே இப்ப தெரியல, ராத்திரி தூக்கம் போச்சு. இன்னொண்ணு, இது பெரிய விஷயம் இல்ல, கழட்டி வச்ச நகையோட, அம்மா என் தங்கச்சிக்குன்னு ரோஸ் பேப்பர்ல மடிச்சு வச்சிருந்த 3 பவுன் செயினும் இருக்கு. அம்மா இறந்தப்ப என் கைக்கு வந்துச்சு, இன்னும் அந்த ரோஸ் பேப்பர்லயே பீரோல இருக்கு. அவ கேக்கல, நானும் குடுக்கல, 4 வருஷமா பேச்சுவார்த்தையும் இல்ல. விசுவாசம் பெருசா, கீழ்ப்படிதல் பெருசா? சொல்லுங்க. பேர் போட வேண்டாம்.

பதில்: முதல்ல இன்ஹேலர் விஷயத்தைப் பேசிடுவோம்மா, மத்ததெல்லாம் அப்புறம். டாக்டர் எழுதிக் குடுத்த அளவுல எழுதிக் குடுத்த நேரத்துக்கு அதைக் குடுங்க, ஒரு வேளைகூட நிறுத்தாதீங்க, வீசிங்ல மூச்சுக்குழல் சுருங்கிப் போகும், சட்டுனு கூடிச்சுன்னா பிள்ளை தாங்காது. மருந்து குடுக்கிறது அவிசுவாசம்னு சொல்ல பைபிள்ல இடமே இல்ல. பவுல்கூடவே ஊழியத்துல இருந்த லூக்கா வைத்தியர், அவரைப் "பிரியமான வைத்தியன்"னுதான் பவுல் எழுதுறார். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிறு சரியில்லாம போனப்ப "உன்கிட்ட எங்கயோ கீழ்ப்படியாமை இருக்கு"ன்னு பவுல் சொல்லல, வயித்துக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேத்துக்கோன்னுதான் சொல்றார், அந்தக் காலத்து வைத்தியம் அது. பிறவிக் குருடனைப் பாத்து சீஷர்கள் இது யார் செஞ்ச பாவம், இவனா இவனைப் பெத்தவங்களான்னு கேட்டதுக்கு இயேசு ரெண்டு பேரும் இல்லன்னு சொன்னது யோவான் 9ல இருக்கு. உங்க மக மூச்சுத் திணறலுக்கு நீங்க காரணம் இல்ல. இதை நாலு தடவை சத்தமா வாசிங்கம்மா.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். எது பெருசுன்னு கேட்டுருக்கீங்க. நம்ம வீடுகள்ல "பிள்ளை சொன்ன பேச்சைக் கேக்குதா?"ன்னு கேப்போம்ல, அது காது கேக்குதான்னு கேக்குறதில்லயே, சொன்னபடி செய்யுதான்னுதான அர்த்தம். தமிழ்ல காதுல வாங்குறதுக்கும் அதும்படி நடக்குறதுக்கும் ஒரே சொல்லு, கேக்குறது. எபிரேயத்துலயும் இப்படித்தான், இஸ்ரவேல் ஜனங்க தினமும் சொன்ன "ஷேமா"ங்கிற சொல்லுக்குக் கேள்னும் அர்த்தம், கேட்டபடி நடன்னும் அர்த்தம். கிரேக்கத்துல கீழ்ப்படிதலுக்கு இருக்கிற சொல்லும் கேக்குறதுங்கிற சொல்லுல இருந்து பொறந்ததுதான். "விசுவாசம் கேள்வியினாலே வரும்"னு ரோமர் 10ல நாம மனப்பாடமா சொல்ற வசனத்துக்குள்ளயே ரெண்டும் சேந்து கெடக்கு. விசுவாசம்ங்கிற சொல்லையே எடுத்துக்கோங்க, நம்புறதுக்கும் அதைத்தான் சொல்றோம், ஒருத்தருக்கு உண்மையா இருக்கிறவரையும் விசுவாசமான ஆள்னுதான் சொல்றோம், கிரேக்கத்துல "பிஸ்டிஸ்"ங்கிற சொல்லுக்கும் இந்த ரெண்டு அர்த்தமும் உண்டு. பவுல் ரோமர் நிருபத்தை, அதாவது ரோமாபுரி சபைக்கு எழுதின கடுதாசியை, ஆரம்பிக்கும்போதும் முடிக்கும்போதும் விசுவாசத்துக்குக் கீழ்ப்படியுறதைப் பத்தித்தான் பேசுறார், கிருபையால மட்டுமே நீதிமான் ஆகுறோம்னு அடிச்சுச் சொல்ற அதே நிருபத்துல. அதனால எது பெருசுங்கிற கேள்வி எனக்குச் சரியாப் படல. எது முன்னாடி வருதுங்கிறதுதான் கேள்வி, உங்க வீட்டுல அது தலைகீழா ஆயிடுச்சு.

யாத்திராகமம் 20ஐ எடுத்து வாசிங்க. பத்துக் கட்டளையில முதல் வரி கட்டளையே இல்ல, உன்னை அடிமைத்தன வீட்டுல இருந்து கூட்டிட்டு வந்த உன் தேவன் நான்தான்னு ஆரம்பிக்குது. செங்கடலைக் கடந்தாச்சு, மன்னா சாப்பிட்டாச்சு, அதுக்கு அப்புறம்தான் கட்டளை. கட்டளையைச் சரியா செஞ்சா விடுவிக்கிறேன்னு கர்த்தர் எகிப்துல யாரையும் நிறுத்தி வச்சுக் கணக்குப் பாக்கல. நீங்க செய்றது வேற மாதிரி இருக்கு, தசமபாகம் குடுத்தா பிள்ளைக்குச் சுகம், உபவாசம் இருந்தா பிள்ளைக்குச் சுகம்னு தவணை கட்டுற மாதிரி கட்டிக்கிட்டு இருக்கீங்க, சுகம் வரலன்னதும் எந்தத் தவணையை விட்டோம்னு ராத்திரி பூரா கணக்குப் பாக்குறீங்க. இது விசுவாசம் இல்லம்மா, பயம். ரோமர் 8ல பயப்படுறதுக்கு அடிமையோட ஆவியை நீங்க வாங்கல, "அப்பா பிதாவே"ன்னு கூப்பிடுற புத்திர சுவிகாரத்தின் ஆவியை, அதாவது பிள்ளையா ஏத்துக்கிட்ட ஆவியை வாங்கியிருக்கீங்கன்னு இருக்கு. தமிழ்க் காதுக்கு அந்த அரமாயிக் "அப்பா" எவ்வளவு பக்கத்துல கேக்குது பாருங்க.

அப்ப அண்ணன் சொல்றது சரியான்னு கேப்பீங்க. பாதி சரி. நம்மளைக் கர்த்தர் ஏத்துக்கிறது நம்ம செயலைப் பாத்து இல்ல, அதை யாரும் அசைக்க முடியாது. ஆபிரகாம் கர்த்தரை விசுவாசிச்சான், அதை அவர் நீதியா எண்ணினார்னு இருக்கிறது ஆதியாகமம் 15ல, விருத்தசேதனம் 17ல, அப்ப அவனுக்கு 99 வயசு, 15ல நடந்தது அதுக்குப் பதிமூணு வருஷத்துக்கும் மேல முந்தி. மகன் ஈசாக்கைப் பலி குடுக்கப் போனது 22ல. பவுல் 15ஐக் காட்டுறார், எந்தக் கிரியையும், அதாவது செயலும், இல்லாமலே ஏத்துக்கிட்டாரேங்கிறார். புதிய ஏற்பாட்டுல நிருபம் எழுதின யாக்கோபு 22ஐக் காட்டுறார், 15ல சொன்ன வசனம் இங்கதான் நிறைவேறிச்சுங்கிறார். ஒரே ஆளோட கதைதான், ஒருத்தர் வேரைக் காட்டுறார், ஒருத்தர் காய்ச்சதைக் காட்டுறார். அண்ணன் 15ஓட புஸ்தகத்தை மூடிடுறார். "பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன"ன்னு யாக்கோபு எழுதினதையும் அவர் ஒரு தடவை வாசிக்கணும், தேவன் ஒருவரேன்னு தெரிஞ்சு வச்சிருக்கிறது மட்டும் விசுவாசம்னா பிசாசுக்கும் அது இருக்கே.

விசுவாசம் மட்டும்னு ஐரோப்பாவையே உலுக்கின மார்ட்டின் லூத்தர் 1522ல ஜெர்மன்ல புதிய ஏற்பாட்டை வெளியிட்டப்ப யாக்கோபு நிருபத்தைச் சத்தில்லாத வைக்கோல் நிருபம்னு எழுதினார், இதை எல்லாரும் சொல்லுவாங்க. அதே புஸ்தகத்துல ரோமருக்கு அவர் எழுதின முன்னுரையை அவ்வளவா யாரும் சொல்றதில்ல. விசுவாசம் உயிருள்ளது, சும்மா இருக்காது, நல்லது செய்யணுமான்னு அது கேட்டுக்கிட்டு நிக்காது, கேள்வி வர்றதுக்கு முன்னாடியே செஞ்சு முடிச்சிருக்கும்னு எழுதியிருக்கார். இதைப் படிச்சப்ப எனக்கு எங்க ஆச்சி கைதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. பாளையங்கோட்டை பக்கத்துல கிராமம், உலை கொதிக்கும், ஆச்சி உழக்குல அரிசியை அளந்து சொளவுல கொட்டும், களையுறதுக்கு முன்னாடி அதுல ஒரு கைப்பிடி அள்ளி சுவத்தோரம் இருக்கிற பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல போடும், கைப்பிடி அரிசி, ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போகும். ஒரு நாள் அரிசி ரொம்பக் கொறச்சல், அன்னிக்கும் கை பாட்டிலுக்குப் போச்சு, நான் "இன்னைக்கு நமக்கே பத்தாதே ஆச்சி"ன்னேன், அதுக்கு ஆச்சி "அப்படியா? கை தானாப் போவுதுட்டி"ன்னுச்சு. சபை ஐயரு கேப்பாருங்கிற பயமும் இல்ல, குடுத்தா ரெட்டிப்பா வரும்ங்கிற கணக்கும் இல்ல. எனக்குத் தெரிஞ்ச கீழ்ப்படிதல் அதுதான்.

சபைகளுக்குள்ளயே இந்தச் சண்டை எத்தனை காலம் ஓடிச்சு தெரியுமா? 1517ல லூத்தர் ஆரம்பிச்சது, 1547ல கத்தோலிக்கர் திரெந்து சங்கம்ங்கிற அவங்க பெரிய சபைக் கூட்டத்துல பதில் எழுதினாங்க, 1999 அக்டோபர் 31ஆம் தேதி ஜெர்மனியில ஆக்ஸ்பர்க்ல லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்க சபையும் கூட்டா ஒரு அறிக்கையில கையெழுத்துப் போட்டாங்க. நம்ம தகுதியால இல்ல, கிருபையால, கிறிஸ்து மேல வைக்கிற விசுவாசத்தால தேவன் நம்மளை ஏத்துக்கிறார், அப்படி ஏத்துக்கிட்டவங்களை நல்ல செயலுக்கு அழைக்கிறார், இதுதான் அதோட சாரம். வரிசையைக் கவனிச்சீங்களா, யாத்திராகமம் 20ல இருக்கிற அதே வரிசை.

பாஸ்டருக்குக் கீழ்ப்படியுறதைப் பத்தியும் சொல்லணும், ஏன்னா எபிரெயர் 13:17ஐக் காட்டி உங்களை வாயடைச்சிருப்பாங்க. அங்க கீழ்ப்படிங்கன்னு வர்ற கிரேக்கச் சொல்லுக்கு அடிப்படைப் பொருளே பேசிப் புரிய வச்சதுக்கு இணங்குறதுதான். அதே வசனத்துல அடுத்தாப்புல, உங்க ஆத்துமாவுக்காக அவங்க கணக்கு ஒப்புவிக்கணும்னும் இருக்கு, அதைச் சேத்து வாசிக்கணும். மந்தையை அதிகாரம் பண்ணி ஆளாதீங்கன்னு பேதுரு மேய்ப்பர்களுக்கே எழுதியிருக்கார். அவரை மரியாதையா நடத்துங்க, ஜெபத்துக்குப் போங்க, ஆனா மருந்தை நிறுத்துங்கன்னு சொன்னா "இதுல மட்டும் முடியாதுங்க பாஸ்டர்"னு வீட்டுக்காரரையும் கூட வச்சுக்கிட்டு சொல்லிடுங்க. அது கீழ்ப்படியாமை ஆகாது.

கடைசியில, பெரிய விஷயம் இல்லன்னு எழுதினீங்களே, அந்த 3 பவுன். உங்க கடுதாசியில எனக்குப் பெருசாத் தெரிஞ்சது அதுதாம்மா. நகை போடாம வாழ்றவங்க மேல எனக்கு மரியாதை உண்டு, வசனத்தை வாசிச்சு மனசாட்சிப்படி எடுக்குற முடிவு அது. ஆனா கழுத்துல இருந்து கழட்டுன்னதும் கழட்டிட்டீங்க, கழட்டி வச்சதோட உங்களுது அல்லாததும் கெடக்கு, அது 4 வருஷமா பீரோவை விட்டு வெளிய வரல. பலிபீடத்துக்கிட்ட காணிக்கையோட நிக்கும்போது உன் சகோதரனுக்கு உன் மேல குறை இருக்குன்னு ஞாபகம் வந்தா காணிக்கையை அங்கயே வச்சுட்டு முதல்ல போய் ஒப்புரவாகுன்னு மத்தேயு 5ல இயேசு சொல்றார். உங்களுக்கு ஞாபகம் வந்துடுச்சு, அதனாலதான் உங்களையறியாம சேத்து எழுதிட்டீங்கன்னு நெனைக்கிறேன்.

இதைப் படிச்சதும் "அப்ப செயினைக் குடுக்காததாலதான் மகளுக்கு இப்படியா"ன்னு பழைய பயத்துக்கே திரும்பிடாதீங்க, சத்தியமா அப்படி இல்ல. செயினைக் குடுத்தா வீசிங் போயிடும்னு நான் சொல்லவே மாட்டேன். வரி வசூலிச்சுப் பணக்காரனான சகேயுவை நெனச்சுப் பாருங்க. எரிகோவுல மரத்து மேல இருந்தவனை இயேசு பேர் சொல்லிக் கூப்பிட்டு, இன்னைக்கு உன் வீட்டுல தங்கணும்னு சொன்னப்ப அவன் யாருக்கும் ஒத்தைக் காசு திருப்பிக் குடுத்திருக்கல. வீட்டுக்கு வர்றேன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் எழுந்து நின்னு பாதிச் சொத்து ஏழைகளுக்கு, அநியாயமா வாங்கினதுக்கு நாலு மடங்கு திருப்பித் தரேன்னான். தானா ஒத்துக்கிட்டவன் முதலோட அஞ்சுல ஒரு பங்கு கூடக் குடுத்தாப் போதும்னுதான் மோசேயோட நியாயப்பிரமாணம், இவன் அதைத் தாண்டி எங்கயோ போயிட்டான், கணக்குப் போட்டுப் பாத்துட்டா அப்படிச் சொன்னான்? சந்தோஷத்துல வாயில வந்துருச்சு. உங்க வீட்டுக்கும் அவர் ஏற்கெனவே வந்தாச்சும்மா, சிஎஸ்ஐ கோயில்ல சின்னப் பிள்ளையா உக்காந்து பாட்டுப் பாடின நாள்லயே.

தங்கச்சி கோவமாப் பேசலாம், இப்பதான் ஞாபகம் வந்துச்சாக்கும்னு கேக்கலாம், கேக்கட்டும், பதிலுக்குப் பதில் பேசாம கேட்டுக்கோங்க. போன்ல சொல்லாதீங்க, யார்கிட்டயும் குடுத்தும் விடாதீங்க, வர்ற சனிக்கிழமை நீங்களே போங்க. வீட்டுக்காரர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, அவருக்குத் தெரியாம செஞ்சா அது வேற பிரச்சனை ஆகும். அந்த ரோஸ் பேப்பரைப் பிரிக்காம அப்படியே அவ கையில குடுங்க, அம்மா மடிச்சு வச்ச மடிப்பு அது. மகளையும் கூட்டிட்டுப் போங்க, சித்தியைப் பாத்தும் நாலு வருஷமாச்சுல்ல, பஸ்ல தூசி இருக்கும், இன்ஹேலரை மறக்காம பையில எடுத்து வச்சுக்கோங்க.