நடுநிலை காக்கும் நிவாரண அமைப்பு அரசின் கொள்கை பற்றிப் பேசலாமா?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் எங்களோடு நிவாரணப் பணி செய்யும் இளைஞர் ஒருவர், கொள்கை பற்றிப் பேசினால் நடுநிலை கெடாதா என்று கேட்டிருந்தார். கெடாது என்பதே என் உறுதியான எண்ணம். யார் பக்கமும் சாயாதிருப்பது வேறு, துன்பத்தைக் கண்டும் வாய்மூடி இருப்பது வேறு.

பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு, சிறைகளில் கண்டதைப் பெரும்பாலும் வெளியிடாமல், காவலில் வைத்திருக்கும் அதிகாரிகளிடமே நேரில் எடுத்துரைக்கிறது. வெளியே சொன்னால் அடுத்த முறை கதவு திறக்காமல் போகலாம், உள்ளே இருப்பவர்களுக்கே அது கேடாகும். அதே குழு கண்ணிவெடிகளைப் பற்றி வெளிப்படையாகவே பேசியது. போர் ஓய்ந்த பின்னும் வயலில் கால் இழந்து வந்தவர்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்த அதன் மருத்துவர்களின் பதிவுகளே சான்றாயின. எந்த நாட்டையும் குற்றம் சாட்டாமல் அந்த ஆயுதத்தையே தடை செய்யக் கோரியது, 1997-இல் ஒட்டாவாவில் கையெழுத்தான உடன்படிக்கைக்கு வலுச் சேர்த்தது. (இந்தியா அதில் இன்னும் சேராதது எனக்கு வருத்தமே.) 1971-இல் தோன்றிய எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்போ, தான் கண்ட கொடுமைகளை வெளியே சொல்வதையும் தன் கடமையாகக் கொண்டது.

நம் பக்கத்து முகாமில் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒருவர் மலையாளப் படிவத்தின் முன் திகைத்து நின்றால், எந்தக் கட்சியின் பெயரையும் எடுக்காமல், படிவம் புரியாமல் நிவாரணத்தில் விடுபட்டவர்களின் எண்ணிக்கையோடு தாசில்தாரிடம் தமிழ்ப் படிவம் கேட்கலாம்; தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுத 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமே இடம் தருகிறது.