பாதி விலைக்குக் கிடைக்கும் ரீலோட் தோட்டா: வாங்கலாமா?

வாசகர் ஒருவரின் கேள்வி: “என்னோடு கிளப்பில் சுடுகிற ஒருவர் துப்பாக்கி சுடுவதையே விட்டுவிடப் போகிறார். சுட்ட காலி உறைகளில் மறுபடி மருந்தும் குண்டும் வைத்து அவர் கையால் ரீலோட் செய்த 9 மி.மீ. தோட்டா 600 இருக்கிறதாம். கடை விலையில் பாதிக்குத் தருகிறேன் என்கிறார். சுட்டுப் பார்க்கச் சொல்லி 50 தோட்டாவைக் கையில் கொடுத்தும் அனுப்பிவிட்டார். எல்லாம் புதுசு போலப் பளபளவென்று இருக்கின்றன. இருபது வருடமாக ரீலோட் செய்கிறவர், நல்ல மனிதர். வாங்கலாமா? வாங்கினால் எப்படிச் சோதித்துப் பார்ப்பது?”

வாங்காதீர்கள். கையில் இருக்கும் அந்த 50 தோட்டாவையும் சுட வேண்டாம். இரண்டாவது கேள்விக்கான பதில்தான் முதல் பதிலுக்கும் காரணம்: மூடி முடித்த தோட்டாவை வெளியிலிருந்து சோதிக்க உருப்படியான வழி எதுவும் கிடையாது.

ஒரு தோட்டாவில் இருப்பது நான்கு பொருள்கள். பித்தளை உறை, அதாவது கேஸ். அதன் அடியில் ப்ரைமர், அதாவது அடிபட்டதும் பொறி எழுப்பி மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி. உள்ளே மருந்து, அதாவது வெடிமருந்துப் பொடி. வாயில் குண்டு. இதில் மூன்றை உங்களால் பார்க்க முடியும். உங்கள் கையையும் கண்ணையும் பதம் பார்க்கக்கூடிய அந்த நான்காவதை மட்டும் பார்க்க முடியாது. 9 மி.மீ. தோட்டாவுக்குப் போடும் மருந்து சுமாராக 5 கிரெயின்தான். கிராமில் சொன்னால் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு, உள்ளங்கையில் ஒரு சிட்டிகை. இந்தச் சிட்டிகை எரியும்போது உறைக்குள் எழக்கூடிய அழுத்தத்துக்கு அமெரிக்கத் தர அமைப்பான சாமி (SAAMI) வைத்திருக்கும் மேல் வரம்பு, சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்ட். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 32 பவுண்ட் சுமாருக்கு. ஆயிரம் மடங்கு. அதை உங்கள் முகத்துக்கு முன்னால் இரண்டடி தூரத்தில், ஒரு மெல்லிய பித்தளைக் குவளையும் அதைச் சுற்றி இருக்கும் இரும்பும்தான் பிடித்து வைத்திருக்கின்றன.

ரீலோட் செய்கிற மேசையில் தவறு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். வரிசையாக ஐம்பது உறைகள் தட்டில் நிற்கின்றன. ஒவ்வொன்றாக மருந்து விட்டுக்கொண்டு வருகிறார். முப்பதாவதில் போன் அடிக்கிறது. பேசிவிட்டுத் திரும்பி வந்ததும், விட்டது எங்கே என்பதில் ஒரு சின்னச் சந்தேகம். முப்பதாவதுக்கே இன்னொரு முறை மருந்து விழுகிறது, அல்லது முப்பத்தொன்று காலியாகவே நின்றுவிடுகிறது. கைப்பிடியை ஒரு முறை இழுத்தால் ஒரு தோட்டா தயாராகும் மெஷினிலும் இதே கதைதான். எங்காவது சிக்கும், பாதியில் நிறுத்தி எடுத்துச் சரி செய்துவிட்டு மீண்டும் இழுப்பார், அங்கே ஒரு உறை இரண்டு முறை மருந்து வாங்கிக்கொள்ளும். அனுபவசாலி என்றால் குண்டை வைப்பதற்கு முன் ஒவ்வொரு உறைக்குள்ளும் விளக்கடித்துப் பார்ப்பார். அன்றைக்குப் பார்த்தாரா என்பது அவருக்கு மட்டுமே தெரியும். சில சமயம் அவருக்கும் தெரியாது.

இரட்டை மருந்து விழுந்தால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடாதா என்று கேட்பீர்கள். சில மருந்துகள் வழியும். வேகமாக எரிகிற, அடர்த்தியான மருந்துகள் 9 மி.மீ. உறைக்குள் இரண்டு பங்காகவே அடங்கிவிடும். .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டா இன்னும் மோசம். 1898-இல் வந்த அந்த உறை, அதிக இடம் பிடிக்கும் பழைய கால வெடிமருந்தான கரும்பொடிக்கு ஏற்ற அளவில் செய்தது. புகையில்லா மருந்தைப் போட்டால் அடியில் கொஞ்சம் கிடக்கும், மீதி வெற்றிடம். இரண்டு பங்கு விழுந்தாலும் அசையாமல் உட்கார்ந்திருக்கும். இன்னொன்று, இரட்டை மருந்துக்கு இரட்டை அழுத்தம் என்று கணக்குப் போடாதீர்கள். அழுத்தம் ஏற ஏற மருந்து இன்னும் வேகமாக எரியும், அதனால் அழுத்தம் அதைவிட மேலே போகும்.

“தராசில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே” என்ற யோசனை எல்லாருக்கும் வரும். எனக்கும் ஒரு காலத்தில் வந்தது. வெவ்வேறு கம்பெனி உறைகளை எடுத்து நிறுத்துப் பாருங்கள், வெறும் உறையிலேயே சில கிரெயின் வித்தியாசம் இருக்கும். குண்டிலும் கொஞ்சம் கூடும், குறையும். மொத்த மருந்தே 5 கிரெயின்தான் என்கிறபோது, தராசு காட்டும் வித்தியாசம் மருந்துடையதா பித்தளையுடையதா என்று யார் சொல்வது? காதருகே வைத்துக் குலுக்கிப் பார்க்கும் பழக்கமும் உண்டு. அதில் தெரியவருவது உள்ளே ஏதோ இருக்கிறது என்பது மட்டும்தான்.

மருந்து கூடினால் ஆபத்து என்பது எல்லாருக்கும் புரியும். மருந்தே விழாமல் போனதுதான் பலரை ஏமாற்றுகிறது. ஒருநாள் ரேஞ்சில் என் பக்கத்து லேனில் சுட்டுக்கொண்டிருந்தவரின் துப்பாக்கியிலிருந்து “டப்” என்று ஒரு சத்தம். சோடா மூடியைத் திறந்தது போல அவ்வளவுதான். ஒவ்வொரு முறை சுட்டதும் தானாகப் பின்னால் வந்து அடுத்த தோட்டாவை ஏற்றும் மேல்பாகமான ஸ்லைடு, பின்னால் வரவில்லை. அவர் பழக்க தோஷத்தில் ஸ்லைடைக் கையால் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றிவிட்டார், விரல் விசைக்குப் போய்விட்டது. அதற்குள் ரேஞ்ச் அதிகாரி “நிறுத்து” என்று கத்திவிட்டார். குழலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியவில்லை. ப்ரைமரின் பலம் மட்டுமே குண்டை உறையிலிருந்து தள்ளி, குழலுக்குள் இரண்டு அங்குலத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. இதை ஸ்க்விப் என்பார்கள். குண்டு குழலின் ஆரம்பத்திலேயே சிக்கினால் அதிர்ஷ்டம், அடுத்த தோட்டா முழுசாக உள்ளே போகாது. கொஞ்சம் முன்னால் போய் நின்றால் அடுத்தது தாராளமாக ஏறும். சுட்டால் குழல் வீங்கும், இல்லை பிளக்கும். அந்த மனிதர் அப்புறம் அரை மணி நேரம் பேசவே இல்லை. தோட்டா யார் செய்தது என்று கேட்டோம். “தெரிந்தவர் கொடுத்தார்” என்றார்.

சரி, உங்கள் நண்பர் இருபது வருடமாக ஒரு தவறும் செய்யாதவர் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் என் பதில் மாறாது, ஏனென்றால் அவர் அந்தத் தோட்டாக்களை உங்களுக்காகச் செய்யவில்லை. நன்றாக ரீலோட் செய்கிறவர்கள் குறைந்த மருந்தில் ஆரம்பித்து, தங்கள் துப்பாக்கியில் சுட்டு, உறையையும் ப்ரைமரையும் பார்த்துப் பார்த்துத்தான் மேலே ஏற்றுவார்கள். அந்தத் துப்பாக்கிக்குக் கச்சிதமாக வரும் இடத்தில் நிறுத்துவார்கள். அவருடைய துப்பாக்கியில் சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் அறை, கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். குண்டைச் சுழற்றிவிடக் குழலுக்குள் வெட்டியிருக்கும் வரிகளைக் குண்டு தொடும் முன் கொஞ்சம் இடம் அதிகம் இருக்கலாம். உங்களுடையதில் அந்த இடம் குறைவு என்றால், அதே தோட்டா, அதே மருந்து, ஆனால் அழுத்தம் வேறு. அவர் விளிம்பில் நின்று சுட்டிருந்தால் நீங்கள் விளிம்பைத் தாண்டி நிற்பீர்கள். அதனால்தான் கவனமாக ரீலோட் செய்கிறவர்கள் பெரும்பாலும் தங்கள் தோட்டாவை யாருக்கும் கொடுக்க மாட்டார்கள், கேட்டாலும் சிரித்து மழுப்புவார்கள். தாராளமாக விற்கிறவரைப் பார்த்தால் எனக்கு அந்த ஒரு காரணத்துக்காகவே தயக்கம் வரும்.

பளபளப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பித்தளை பளபளப்பதற்குக் காரணம் அதை அதிர்வுத் தொட்டியில் போட்டுச் சில மணி நேரம் உருட்டியதுதான். எத்தனை முறை சுட்ட உறை என்பதை அது சொல்லாது. அடியில் பொறித்திருக்கும் கம்பெனிப் பெயரும் உறையைச் செய்தது யார் என்பதை மட்டும்தான் சொல்லும். உள்ளே இருக்கும் மருந்துக்கும் அந்தக் கம்பெனிக்கும் சம்பந்தம் இல்லை. ரீலோட் தோட்டாவைப் பழைய கம்பெனி அட்டைப் பெட்டியிலேயே அடுக்கி வைக்கும் வழக்கம் இருக்கிறது. கைமாறிக் கைமாறி மூன்றாவது ஆளிடம் வரும்போது, அவர் அதைக் கம்பெனித் தோட்டா என்றே நினைத்துக்கொள்வார்.

ரைபிள் தோட்டா என்றால் உறையின் வயது இன்னும் முக்கியம். ஒவ்வொரு சுடுதலிலும் உறை கொஞ்சம் நீளும். நீண்டதை மறுபடி அளவுக்குக் கொண்டுவரும்போது அடிப்பாகத்துக்குச் சற்று மேலே சுவர் மெலிந்துகொண்டே போகும். கடைசியில் அங்கே அறுந்து, பாதி உறை சேம்பரிலேயே மாட்டிக்கொள்ளும், சுடுவாயு பின்பக்கமாக வரும். சுட்ட உறைக்குள் வளைத்த கம்பியின் நுனியை விட்டுத் தடவினால் அந்தப் பள்ளம் தட்டுப்படும். மூடிய தோட்டாவில் எதை விட்டுத் தடவுவது?

வெளியிலிருந்தே தெரியும் குறைகளும் உண்டு, இல்லாமல் இல்லை. ப்ரைமர் உறையின் அடியைவிடத் துருத்தி நிற்பது, வாய்ப்பக்கம் கீறல், கட்டை விரலால் அழுத்தினாலே உள்ளே இறங்கும் குண்டு. கடைசியாகச் சொன்னது சாதாரண விஷயமில்லை. குண்டு உள்ளே தள்ளப்பட்டால் மருந்துக்கான இடம் சுருங்கும், 9 மி.மீ. மாதிரிச் சின்ன உறைகளில் அழுத்தம் சட்டென்று ஏறிவிடும். இவற்றைப் பார்த்து ஒரு தோட்டாவை ஒதுக்கலாம். ஆனால் குறை தெரியவில்லை என்பதை வைத்து ஒரு தோட்டாவை ஏற்க முடியாது.

கம்பெனித் தோட்டா மட்டும் தவறே செய்யாதா? செய்யும். ஆனால் பெட்டியில் லாட் எண், அதாவது எந்தத் தொகுதியில் செய்தது என்ற எண், இருக்கும், கோளாறு தெரிந்தால் அந்த லாட்டையே திரும்பப் பெறுவார்கள். துப்பாக்கி, தோட்டாக்களைச் சோதிக்கும் விதிகளை வகுக்க 1914-இல் பெல்ஜியத்தின் லியேஜில் தொடங்கிய சி.ஐ.பி. என்ற சர்வதேச அமைப்பில் உள்ள நாடுகளில், ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்துச் சோதித்த பிறகுதான் விற்பனைக்கு வரும். உங்கள் துப்பாக்கியின் கையேட்டையும் ஒருமுறை புரட்டுங்கள். ரீலோட் தோட்டாவால் வரும் சேதத்துக்கு வாரண்டி இல்லை என்று அநேகமாக எழுதியிருக்கும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் தன் உபயோகத்துக்கு ரீலோட் செய்ய உரிமம் வேண்டாம், தொழிலாகச் செய்து விற்க மத்திய அரசின் உரிமம் வேண்டும். வேறு பல நாடுகளில் ஒரு தோட்டா கைமாறினால்கூட உரிமத்தில் பதிவாக வேண்டும். உங்கள் ஊர்ச் சட்டப்படி அந்த 50 தோட்டாவை நீங்கள் வைத்திருப்பதே சரிதானா என்பதை இன்றே விசாரித்துவிடுங்கள். உரிமத்தோடு, லாட் எண் போட்டு, காப்பீடும் எடுத்து ரீலோட் செய்து விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அது வேறு விஷயம், அதை நான் இங்கே குறை சொல்லவில்லை.

நண்பருக்கு உதவ நினைத்தால் வேறு வழி இருக்கிறது. அவரிடம் இருக்கும் சுட்ட காலி உறைகள், பெட்டி பிரிக்காத குண்டுகள், சட்டம் அனுமதித்தால் அசல் பெட்டியிலுள்ள ப்ரைமர், சீல் உடைக்காத மருந்து டப்பா, ரீலோடிங் மெஷின் எல்லாவற்றையும் விலை கொடுத்து வாங்குங்கள், நீங்களே கற்றுக்கொள்ளலாம். சீல் உடைத்த மருந்து மட்டும் வேண்டாம். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் மருந்துகளின் எரியும் வேகம் வேறு வேறு, டப்பாவில் ஒட்டியிருக்கும் பெயர்தான் உள்ளே இருக்கிறதா என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. டப்பாவைத் திறந்ததும் காரமான நெடியோ பழுப்புச் சிவப்பில் புகையோ தூசியோ தெரிந்தால் அது கெட்டுப்போன மருந்து, வீட்டுக்குள்ளேயே வைக்கக் கூடாது.

அந்த 600 தோட்டாவை அவரே பிரிக்கலாம், குண்டைப் பிடுங்க அதற்கென்றே கருவி இருக்கிறது. உறையும் குண்டும் மிஞ்சும், மருந்து போகும். உங்களிடம் உள்ள 50-ஐ நீங்கள் பிரிக்க முயல வேண்டாம், குப்பையிலும் போட வேண்டாம். சட்டம் இடம் கொடுத்தால் அவரிடமே திருப்பிக் கொடுங்கள், இல்லையென்றால் ரேஞ்சிலோ காவல் நிலையத்திலோ கேட்டு ஒப்படையுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது சங்கடமாக இருந்தால் “இதனால் சேதம் வந்தால் என் துப்பாக்கிக்கு வாரண்டி கிடையாது” என்று சொல்லுங்கள். கையேட்டில் அப்படி இருந்தால் பொய்யில்லை, அவர் மனமும் நோகாது.

ஒருவேளை இந்தக் கடிதம் போட்ட பிறகு அதில் சிலவற்றைச் சுட்டுவிட்டீர்கள் என்றால், அடுத்து எதையும் ஏற்றுவதற்கு முன் துப்பாக்கியைக் காலி செய்து, குழலைக் கழற்றி ஒரு முறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.