கடல்மீன் தொட்டி பால்போலக் கலங்கினால்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "அண்ணா, என்னுடையது மூன்றடி நீளமும் ஒன்றேகால் அடி அகலமும் உயரமும் உள்ள தொட்டி. வீட்டுக்கு முன்னால் உள்ள கடலிலேயே தண்ணீர் அள்ளினேன். கரை மணலும், பொறுக்கிய சிப்பியும் கல்லும் போட்டேன். மூன்றாம் நாள் இரண்டு கோமாளி மீனும் ஒரு டாம்சலும் விட்டேன். ஒரு கிழமைக்குள் தண்ணீர் கஞ்சி மாதிரி வெளுத்துவிட்டது. முழுத் தண்ணீரையும் இரண்டு தரம் மாற்றினேன், பில்டர் பஞ்சையும் குழாயில் நன்றாகக் கழுவிப் போட்டேன். திரும்பவும் கலங்குகிறது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. அம்மம்மா தேத்தாங்கொட்டை இழைத்து விடச் சொல்கிறா. விடலாமா?"

விட வேண்டாம். சேறு கலந்த கிணற்றுத் தண்ணீருக்கு அது அருமையான வழிதான். மண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து அடியில் படியச் செய்யும். ஆனால் உங்கள் தொட்டியை வெளுக்க வைத்திருப்பது மண் இல்லை, பாக்டீரியா. இழைத்த கொட்டை அவற்றுக்கு இன்னொரு வேளைச் சாப்பாடாகத்தான் போய்ச் சேரும். படிகாரமும் கூடாது, கடல்நீரின் காரத்தன்மையைக் குறைத்து பி.எச். எனும் அமில-கார அளவை இறக்கிவிடும்.

முதலில் மீன்களைக் காப்பாற்றுங்கள். மேலே வந்து வாயைத் திறப்பது மூச்சுக்காக. கடல்நீரில் கரையும் ஆக்சிஜன், அதே வெப்பநிலையில் நன்னீரில் கரைவதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நம்முடைய வெயிலில் தொட்டி 30 பாகைக்கு ஏறினால் அது இன்னும் குறையும். மிச்சத்தைப் பெருகிவரும் பாக்டீரியாக்கள் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே இப்போதே எயார் பம்பைப் போடுங்கள், பில்டரின் வாயை நீர்மட்டத்தை நோக்கித் திருப்பி மேற்பரப்பு முழுதும் அலையும்படி விடுங்கள். கண்ணாடி மூடி இருந்தால் எடுத்துவிட்டு வலையைப் போடுங்கள். இரவில் நிறுத்தவே கூடாது. கரண்ட் போனால் ஓட, பற்றரியில் வேலை செய்யும் சின்னப் பம்ப் ஒன்றை வாங்கி வைப்பது நல்லது. இரண்டு நாளைக்குச் சாப்பாடும் போடாதீர்கள். மீன் அதைத் தாங்கும்.

பாக்டீரியாதான் என்று நான் சொல்வதை நீங்களே சரிபார்க்கலாம். ஒரு கண்ணாடிக் கிளாசில் தொட்டித் தண்ணீரை எடுத்து, அசையாத இடத்தில் இரவு முழுதும் வையுங்கள். காலையில் பின்னால் ஒரு கறுப்புத் தாளைப் பிடித்துப் பாருங்கள். மண்ணாக இருந்தால் அடியில் மெல்லிய படலம் படிந்து மேலே தெளிந்திருக்கும். பாக்டீரியாவாக இருந்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே வெளுப்பு, படிவே இராது. தொட்டியின் உட்கண்ணாடியைத் தடவினால் விரலில் வழுக்கும். தண்ணீர் பச்சையாக இருந்தால் அது மிதக்கும் பாசி, விளக்கையும் ஜன்னல் வெயிலையும் குறைக்க வேண்டும். ரோச் வெளிச்சத்தில் மினுங்கி மேலே ஏறும் துகள்கள் வெறும் காற்றுக் குமிழ்கள்தான்.

ஏன் இப்படி வந்தது என்றால், கரையோரத்தில் அள்ளிய தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் நிறைய இருக்கும். தொட்டிக்குள் வந்ததும் அவற்றில் பெரும்பகுதி செத்துப்போகும். பொறுக்கிய சிப்பிக்குள் இருந்த உயிரும் கல்லில் ஒட்டியிருந்ததும் அழுகும். இந்த அழுகலைத் தின்னும் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்திலேயே இரட்டிப்பாகிவிடும். நமக்கு வேண்டியவை வேறு வகை: மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுபவை. அவை மெதுவாகத்தான் பெருகும், ஒரு புதுத் தொட்டியில் நிலைபெற நான்கு முதல் ஆறு கிழமை வேண்டும். அவை குடியிருப்பது பில்டர் பஞ்சிலும் கல்லிலும் மணலிலும். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். பஞ்சைக் குழாயில் கழுவியபோது நல்லவை போய்விட்டன. முழுத் தண்ணீரையும் மாற்றியபோது புதிதாக அள்ளிய கடல்நீரோடு புதுச் சாப்பாடு வந்துவிட்டது. திரும்பத் திரும்பக் கலங்குவதற்குக் காரணம் இதுதான்.

இனிப் பஞ்சில் அழுக்கு அடைத்தால், தொட்டியிலிருந்து எடுத்த ஒரு வாளித் தண்ணீரிலேயே மெல்லப் பிழியுங்கள், அதுபோதும். சிப்பிகளை வெளியே எடுத்து முகர்ந்து பாருங்கள், நாற்றம் உள்ளது திரும்பப் போகக்கூடாது. புரோட்டீன் ஸ்கிம்மர் எனும் நுரை பிரிக்கும் கருவி இருந்தால் ஓடவிடுங்கள், நுரையோடு நிறைய அழுகல் வெளியேறும், ஆக்சிஜனும் ஏறும். தெளிய வைக்கும் மருந்து என்று கடையில் தரும் திரவத்தை நான் போடவே மாட்டேன். கலங்கல் மறையும், காரணம் அப்படியே இருக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: தண்ணீர் தெளிந்துவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று எண்ணாதீர்கள். அமோனியாவுக்கு நிறம் இல்லை. கடல்நீரின் பி.எச். 8.1 முதல் 8.4 வரை இருப்பதால், அமோனியா நன்னீரில் இருப்பதைவிடப் பல மடங்கு நச்சாகும். கோமாளி மீன் பளிச்சென்ற தண்ணீரிலும் மூச்சு வாங்கிச் செத்துப்போகும். சோதனைக் கிட் ஒன்று வாங்கி தினமும் பாருங்கள். அமோனியா தெரிந்தால் பத்து முதல் பதினைந்து வீதம் மட்டும் மாற்றுங்கள். உங்கள் தொட்டி சுமார் 130 லீற்றர், ஆகவே ஒரு தரத்துக்கு 13 முதல் 20 லீற்றர். அடுத்த நாளும் தெரிந்தால் திரும்பவும் அதே அளவு. அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியத்தில் நிற்கும்வரை நான்காவது மீன் வேண்டாம்.

அந்த 20 லீற்றரை எங்கே எடுப்பது என்பதில்தான் திருகோணமலைக்காரர் கவனமாக இருக்க வேண்டும். உள் துறைமுகப் பக்கமும், வள்ளங்கள் கட்டும் இடமும், கழிவு வாய்க்கால் விழும் இடமும் வேண்டாம். கொட்டியாரக்குடாவில் மகாவலி வந்து கலக்கிறது, மாரியில் அங்கே உப்பு இறங்கிவிடும். மழை விட்டுச் சில நாள் ஆன பிறகு, தெரிந்த கடற்தொழிலாளி ஒருவரிடம் கான்களைக் கொடுத்து அலை உடையும் இடத்துக்கு அப்பால் அள்ளித் தரச் சொல்லுங்கள். வெளிச்சம் படாத பீப்பாயில் ஊற்றி, காற்றுக் கல் போட்டு, ஒன்றிரண்டு கிழமை வையுங்கள். மிதவை உயிர்கள் செத்து அடியில் படிந்துவிடும். காற்றை நிறுத்தி ஒரு நாள் விட்டு, அடியில் நான்கு விரல் தண்ணீரை விட்டுவிட்டு மேலுள்ளதைக் குழாயால் இறக்குங்கள். உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் அடர்த்தி 1.025 அளவில் இருக்க வேண்டும். தொட்டியில் தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் மட்டும் கடல்நீர் ஊற்றாதீர்கள், குளோரின் போக்கிய நன்னீரையே ஊற்றுங்கள். உப்பு ஆவியாவதில்லை.

கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். புறாத்தீவு 2003 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, அங்கிருந்து எதையும் எடுக்கக்கூடாது. வேறெங்கும் உயிர்ப் பவளத்தை உடைப்பதும் சட்டவிரோதம். மணலுக்கு, உடைந்த சிப்பியும் பவளத் தூளும் கலந்த வெள்ளை மணல் நல்லது. அதிலுள்ள சுண்ணாம்பு பி.எச். அளவைத் தாங்கும். புல்மோட்டைப் பக்கத்துக் கருமணலில் இருப்பது பெரும்பாலும் இல்மனைட் போன்ற கனிமம், அதில் அந்தச் சுண்ணாம்பு இல்லை. எந்த மணலானாலும் கழுவிய தண்ணீர் தெளியும்வரை அலசிப் போடுங்கள்.

வாடைக்காற்று தொடங்கினால் பல கிழமைக்கு நல்ல தண்ணீர் அள்ள முடியாது. புரட்டாதி முடிவதற்குள் இரண்டு பீப்பாய் நிரப்பி நிழலில் மூடி வைத்துவிடுங்கள்.