நண்பர்கள் மனம்விட்டுப் பேசும்போது நாம் எப்படிக் கேட்க வேண்டும்?

நண்பர் ஒருவர் தம் துயரத்தைச் சொல்லத் தொடங்கும்போது எவ்வாறு நடந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கோத்தகிரியில் வசிப்பவன். ஒரு நண்பரிடம் தவறாக நடந்துகொண்ட பிறகே எனக்கு இதற்கு விடை கிடைத்தது.

அவருக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. ஒரு ஜனவரியில் உறைபனி விழுந்து கொழுந்தெல்லாம் கருகிவிட்டதென்று சொல்ல வந்தார். அவர் இரண்டாவது வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் குறுக்கிட்டு, மலையில் வளரும் தாகைச் செடியை வெட்டித் தேயிலையின் மேல் போட்டு மூடியிருக்கலாமே என்றும், அரை ஏக்கரில் கேரட் போட்டுப் பாருங்கள் என்றும் அடுக்கத் தொடங்கிவிட்டேன். தலைமுறைகளாகத் தேயிலை வளர்க்கும் வீட்டாருக்கு இவையெல்லாம் தெரியாதா? "சரிங்க, பார்க்கிறேன்" என்று எழுந்து போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து, காரமடையில் ஒரு திருமணத்துக்குப் போய்விட்டு, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயிலில் இருவரும் சேர்ந்து வந்தோம். அந்தப் பயணம் மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆகும். பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து, இருவரும் வெளியே பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முகத்தை நேருக்கு நேர் பார்க்க வேண்டியிராத இடத்தில் சிலருக்கு வாய் எளிதாகத் திறக்கும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க ரயில் நின்றபோது அவர் பேச ஆரம்பித்தார். அக்கா தம் மகளின் திருமணத்துக்கென்று அவரிடம் கொடுத்து வைத்திருந்த நகைகளை, தம் மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காக நண்பர் அடகு வைத்திருக்கிறார். கொழுந்து விற்ற காசில் மாசிக்குள் மீட்டுவிடலாம் என்றிருந்த நிலையில்தான் பனி விழுந்திருக்கிறது. ஜனவரியில் அவர் சொல்ல வந்தது இதைத்தான்.

அந்தப் பாதையில் பல குகைகள் இருக்கின்றன. ரயில் குகைக்குள் நுழைந்தால் இரைச்சலில் பேச்சு நின்றுவிடும். வெளியே வந்ததும் அவர் விட்ட இடத்திலிருந்து தொடராமல், அதைவிடச் சொல்லக் கடினமான ஒன்றைச் சொன்னார். ஒருவர் நிறுத்தும்போது அந்த இடைவெளியை நம் சொற்களால் நிரப்பக் கூடாது என்று எனக்குக் கற்றுத்தந்தவை அந்தக் குகைகள். வழி நெடுக நான் கேட்டவை இரண்டே கேள்விகள். "அக்காவுக்குத் தெரியுமா?" என்பது ஒன்று. "நகை போனதைவிட, அக்கா கேட்டுவிடுவாரோ என்ற பயம்தான் உங்களைத் தூங்கவிடவில்லையோ?" என்பது மற்றொன்று. நாம் புரிந்துகொண்டதை நம் சொல்லில் திருப்பிச் சொல்லி, அது சரிதானா என்று அவரிடமே கேட்பது மிகவும் உதவும். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-இல் ரிச்சர்ட் ஃபார்சனுடன் சேர்ந்து எழுதியபோது வலியுறுத்தியதும் இதுவே. "ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்ற கேள்வி மட்டும் வேண்டாம். அந்தக் கேள்வியை அவர் தம்மிடமே நூறு முறை கேட்டிருப்பார்.

கேட்டதை வெளியே விடாதிருப்பதும் கேட்பதில் சேர்ந்ததுதான். எங்கள் பக்கத்தில், காலையில் கொழுந்து எடை போடும் இடத்தில் சொன்னது மாலைக்குள் ஊர் முழுவதும் தெரிந்துவிடும். என் மனைவியிடம்கூட நான் இதைச் சொல்லவில்லை. அக்காவிடம் அவரே உண்மையைச் சொல்லி, நகையும் மீண்டுவிட்ட பிறகு, அவருடைய இசைவோடுதான் இங்கு எழுதுகிறேன்.

இரகசியத்துக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. வாழவே பிடிக்கவில்லை என்னும் பொருளில் நண்பர் பேசினால், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அவர் வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்குத் தெரிவியுங்கள். 2022 முதல் இயங்கும் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். எண்ணைக் கொடுத்துவிட்டு வந்துவிடாமல், அவர் பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே இருங்கள்.