கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறான் மணி

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 34. மதுரையில் கணவர், மாமியாருடன் இருக்கிறேன். குழந்தை இல்லை. போன வாரம் காப்பகத்திலிருந்து ஒரு நாட்டு நாயைத் தத்தெடுத்து வந்தோம். சாலையில் அடிபட்டுக் கிடந்தவனாம். மணி என்று பெயர் வைத்தோம். வந்ததிலிருந்து கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறான். குக்கர் விசில் அடித்தால் நடுங்குகிறான். சாதம் பிசைந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். ராத்திரி நாங்கள் தூங்கிய பிறகு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறான். என் கணவர் குனிந்தாலே சிறுநீர் கழித்துவிடுகிறான். "வாயில்லா ஜீவனுக்குக்கூட உன்னைப் பிடிக்கலையே" என்கிறார் மாமியார். திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றிருக்கிறது. அப்படி நினைத்ததற்கும் அழுகை வருகிறது.

- ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

ராத்திரி வந்து சாப்பிடுகிறான் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். கடிதத்திலேயே நல்ல சேதி அதுதான். நாய் வளர்ப்பவர்கள் ஒரு கணக்கு சொல்வார்கள்: பயம் தெளிய 3 நாள், வீட்டு வழக்கம் பிடிபட 3 வாரம், இது நம் வீடு என்று நம்ப 3 மாதம். அடிபட்ட நாய்க்கு இன்னும் கூட ஆகலாம்.

கூப்பிடுவதை நிறுத்துங்கள். தட்டைக் கட்டிலருகே வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். சாதத்தில் வெங்காயம் மட்டும் வேண்டாம், நாய்க்கு ஆகாது. அதே அறையில் பக்கவாட்டாக உட்கார்ந்து கீரை ஆயுங்கள், அவன் கண்ணைப் பார்க்காதீர்கள். உங்கள் கணவரும் மேலே குனிய வேண்டாம். தரையில் உட்கார்ந்து, வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கட்டும். சிறுநீர் போவது பயத்தால், அதட்டினால் கூடும். வெளியே கூட்டிப்போகும்போது கழுத்துப் பட்டை போதாது, மிரண்டால் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடுவான். மார்போடு சேர்த்துக் கட்டும் பட்டை வாங்குங்கள். கால்நடை மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள். பழைய காயத்தின் வலி, உண்ணிக் காய்ச்சல் இரண்டுமே நாயை இப்படிச் சுருண்டு படுக்க வைக்கும்.

அப்புறம் உங்கள் விஷயம். மாமியார் சொன்னது நாயைப் பற்றி மட்டும் என்றால் இவ்வளவு தைத்திருக்காது. குழந்தை இல்லை என்பதை இரண்டே வார்த்தையில் கடந்துவிட்டீர்கள். அந்த வலியையும் சேர்த்து மணி தீர்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்களோ என்று தோன்றுகிறது. பாவம், அவனுக்கு அது பெரிய சுமை. மாமியாரின் பேச்சைக் கணவரிடம் சொன்னீர்களா? இன்றைக்கே சொல்லுங்கள். பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

தத்தெடுத்த புதிதில் திருப்பிக் கொடுக்கத் தோன்றுவது பலருக்கும் உண்டு. அந்த முடிவை 3 மாதம் தள்ளிப்போடுங்கள்.